ஒரு மணியோடு நிற்கிற வெளிநாட்டுப் போன் கோல்

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சியில் ஒரு சின்னக் கொமினிகேசன் கடை நடத்துகிறேன். ரீலோட் போடுவது, போட்டோக் கொப்பி எடுப்பது, போனில் ஒன்றும் விளங்காவிட்டால் பார்த்துக் கொடுப்பது, இதுதான் வேலை. அங்கே அடிக்கடி காண்கிற ஒரு ஏமாற்றைப் பற்றிச் சொல்லவே வந்தேன்.

போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றுவிடும். பார்த்தால் வெளிநாட்டு இலக்கம். யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் திருப்பி எடுப்போம். அதைத்தான் மோசடிக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். கணினி ஒன்று ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்கு வரிசையாக அடித்து, ஒரு மணியோடு துண்டிக்கும். நாங்கள் திருப்பி எடுக்கும் இலக்கத்துக்கு நிமிடக் கட்டணம் மிக அதிகம். அந்தக் காசில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போகும். அதனால் எங்களைக் கூடுதல் நேரம் இணைப்பில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். சில வேளை மணி அடிக்கிற சத்தத்தையே பதிவுசெய்து போட்டிருப்பார்கள். இன்னும் எடுக்கவில்லையே என்று நாங்கள் காத்திருக்க, காசு ஓடிக்கொண்டிருக்கும்.

தெரியாத இலக்கம் என்றால் விட்டுவிடுங்கள் என்று வன்னியில் சும்மா சொல்லிவிட முடியாது. எத்தனையோ வீடுகளில் ஒருவர் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிறார். கட்டாரில் வேலை செய்யும் மகள் புது சிம்மில் எடுத்திருக்கலாம். 2009க்குப் பிறகும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற தாய்மாருக்கு ஒரு தெரியாத இலக்கம் என்னவாகத் தோன்றும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காத்திருப்பில் இருந்தும் காசு பிடுங்குகிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படி ஒரு அம்மா வந்து, "தம்பி, நேற்றுப் போட்ட காசு எங்கே போனது?" என்று கேட்டார். கோல் பட்டியலில் +1 876 என்று தொடங்கும் இலக்கம் இருந்தது. "ஒன்றில் தொடங்கினால் கனடாதானே?" என்றார். கனடாவுக்கும் ஒன்றுதான். ஆனால் ஜமேக்கா, கிரெனடா போன்ற கரிபியன் தீவுகளுக்கும் அதே ஒன்றுதான். ஆகவே ஒன்றுக்கு அடுத்த மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 416, 647, 905 ரொறன்ரோப் பக்கம், 514 மொன்றியல். 876 ஜமேக்கா, 473 கிரெனடா.

இன்னொன்று. கிளிநொச்சியின் வீட்டுப் போன் இலக்கங்கள் 021 228 என்று வரும். மொரோக்கோவின் குறியீடு +212. அவசரத்தில் பார்த்தால் +212 என்று தொடங்குவது உள்ளூர் அலுவலக இலக்கம் மாதிரியே இருக்கும். கூட்டல் குறிக்குப் பிறகு 94 இல்லையென்றால் அது இலங்கை இலக்கம் இல்லை.

சரி, என்ன செய்வது? திருப்பி எடுக்காமல் இருங்கள். மறுபடி வந்தால் தாராளமாக எடுத்துக் கதையுங்கள். ஊரில் இருந்துகொண்டு வருகிற கோலை எடுப்பதற்குக் காசு இல்லை. உங்களைத் தேடுகிறவர் இன்னொரு தடவை எடுப்பார், அல்லது வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடுவார். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள், புது சிம் போட்டால் முதலில் வட்ஸ்அப்பில் அறிவிக்கச் சொல்லி.

திருப்பி எடுத்தால் மூன்று செக்கனில் வங்கி விபரமெல்லாம் களவு போகும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையில்லை, பயப்படவேண்டாம். போவது கோல் காசு. ரீலோட்காரருக்கு இருப்பில் உள்ளது போகும். மாத பில் கட்டுகிறவருக்குத்தான் அடி பெரிது, பில் வரும்வரை தெரியாது. வெளிநாட்டுக்கு எடுக்கத் தேவையில்லாத வீடென்றால் ஐடிடியை, அதாவது வெளிநாட்டுக்கு எடுக்கும் வசதியை, நிறுத்தித் தரும்படி போன் நிறுவனத்திடம் கேளுங்கள். வருகிற கோல் அதனால் நிற்காது. காசு போய்விட்டால் இலக்கத்தையும் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

என்னைப்போலக் கடை நடத்துகிற தம்பி, தங்கச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வயதானவர் அடுத்தடுத்து ரீலோட் போட வந்தால், காசை வாங்கமுன் அவரிடம் கேட்டு, அந்தக் கோல் பட்டியலை ஒருக்கால் பாருங்கள். நன்றி, வணக்கம்.