மண்வெட்டி பிடித்த பட்டாளம்

எல்லோருக்கும் வணக்கம். நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத் தனி வணக்கம், ஏனென்றால் மெட்ரோ வேலைக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருக்கும்போது மயிலாப்பூருக்கு ஆறு மணிக்குள் வருவது சாதாரணக் காரியம் இல்லை. நானும் தோண்டுவதைப் பற்றித்தான், அதிலும் ராணுவத்தில் தோண்டுகிறவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்ததோடு பெய்லியின் கதை முடிந்தது. உதவிக்குப் போயிருக்க வேண்டிய மன்றோ (இவர் ஹெக்டர் மன்றோ, தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த தாமஸ் மன்றோ இல்லை) கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பரங்கிமலைக்குத் திரும்பி வந்தார். பீரங்கியைக் குளத்தில் போட்டுவிட்டு வரும் நிலைமை எப்படிப்பட்டதென்று யோசித்துப் பாருங்கள்.

சரியாக இருபதே நாள். செப்டம்பர் 30 அன்று மதராஸில் 'பயோனியர்' என்ற பெயரில் இரண்டு கம்பெனி (இது சிறு படைப்பிரிவு) ஆட்களைச் சேர்த்தார்கள். அடி வாங்கியிராவிட்டால் இந்த அவசரம் வந்திருக்காது என்பது என் கணிப்பு. பாதை போட, மரம் வெட்ட, பள்ளம் தோண்ட, பீரங்கி போக வழி செய்ய என்று எடுத்த ஆட்கள். மண்வெட்டியும் கடப்பாரையும்தான் அவர்களுடைய முதல் ஆயுதம். இந்திய ராணுவத்தின் இன்ஜினியர் படைப்பிரிவு ஒன்றை இன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிறோமே, அதன் பிறந்தநாள் அதுதான். தலைமையகம் 19ஆம் நூற்றாண்டில் பெங்களூருவுக்குப் போய்விட்டது, ஆனாலும் அந்தப் படையாட்களுக்கு ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர்.

சாப்பர் என்றால் என்ன? கோட்டையை முற்றுகையிடும்போது மதிலை நோக்கித் தோண்டிப் போகும் பள்ளத்துக்குப் பிரெஞ்சில் 'சாப்'. நேராகத் தோண்டினால் மதில் மேலிருந்து ஒரே குண்டு பள்ளத்தின் நீளத்துக்கும் பாய்ந்துவிடும், அதனால் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துத் தோண்ட வேண்டும். முன்னால் இருப்பவன் ஒரு பின்னல் கூடையை உருட்டிக்கொண்டு, அதன் மறைவில் மண்டியிட்டு வெட்டுவான், வெட்டிய மண்ணைப் பக்கத்துக் கூடைகளில் நிரப்பினால் அதுவே சுவர். உயிரோடு திரும்புவது அதிர்ஷ்டம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடம் வேலை பார்த்த இன்ஜினியர் வொபான் இதை ஒரு கணக்காகவே ஆக்கினார், 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் செய்தும் காட்டினார்.

அதற்கு முன்னால் இந்த வேலை இல்லையா? நம்மிடமே மதிலை வளைத்தால் உழிஞை, காத்தால் நொச்சி என்று பூச்சூடிப் போர் செய்திருக்கிறார்கள். ஜூலியஸ் சீசர் ரைன் நதியில் பத்து நாளில் மரப்பாலம் போட்டார். ஆனால் இதற்கென்றே நிரந்தரமாக, சம்பளமும் பதவியும் கொடுத்து ஒரு படைப்பிரிவு வைப்பது பிற்கால ஏற்பாடு. பிரிட்டனில் அது 1716.

இந்த அரங்கில் சிவில் இன்ஜினியர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், சென்னையாயிற்றே. 'ராணுவம் அல்லாத' இன்ஜினியர் என்பதுதான் உங்கள் பட்டத்துக்கு அர்த்தம். தவளேஸ்வரத்தில் கோதாவரியை மறித்த ஆர்தர் காட்டனும், 1895இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பென்னிகுயிக்கும் ராணுவ இன்ஜினியர்கள். பென்னிகுயிக்குக்குத் தேனிப் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள், நம் ஆட்கள் நன்றி மறப்பதில்லை. ஆனால் அவருக்குக் கீழே கல் சுமந்தவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

அப்புறம் 2024 வயநாடு. நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போனதும் இதே மெட்ராஸ் சாப்பர்ஸ் வந்து 190 அடிக்கு ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். இந்த பெய்லி வேறு, இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பாலத்தை வடிவமைத்த டொனால்ட் பெய்லி. பத்தடி நீள இரும்புச் சட்டம் ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் கனம், ஆறு பேர் சேர்ந்து தூக்கி, ஒன்றோடொன்று கோத்து, ஊசி அடித்து, ஆற்றுக்கு மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். இரவிலும் விடாமல் செய்து, ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை வண்டிகளை அக்கரைக்கு அனுப்பினார்கள்.