காய்ச்சல் இறங்கும் நாள்

அவையோருக்கு வணக்கம். குழந்தை நோய்களைப் பற்றி இளம் வைத்தியர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பேசும்படி என்னை அழைத்தீர்கள். நான் பெரிதும் பேச விரும்புவது டெங்குக் காய்ச்சல் இறங்குகின்ற அந்த ஒரு நாளைப் பற்றியே. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதைத் திருகோணமலையில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டில் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 186,000 பேருக்கு டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டது.

"டொக்டர், காய்ச்சல் விட்டுட்டுது, பிள்ளையை வீட்ட கொண்டு போகலாமா?" என்று கேட்கும் தாயின் நிம்மதியைக் கலைக்க மனம் வராது. ஆயினும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணிகின்ற வேளையிலேதான், குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசியத் தொடங்குகிறது. இக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். கைகால் குளிர்ந்து, சிறுநீர் குறைந்து, நாடி மெலிந்துகொண்டிருக்கையிலும் பிள்ளை தெளிவாகவே பேசும். பெற்றோர் 'பிளேட்லெட்' எத்தனை என்றே கேட்பார்கள்; அது 100,000க்குக் கீழே போவது எச்சரிக்கைதான். ஆனால் கசிவைக் காட்டுவது ஹீமட்டோக்கிரிட்டின், அதாவது குருதியில் செங்கலங்களின் விகிதத்தின், ஏற்றம். குருதி அமுக்கத்தின் மேல், கீழ் அளவுகளுக்கிடையிலான வித்தியாசம் 20 மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிட்டால், நாம் ஏற்கெனவே பிந்திவிட்டோம். பயத்தில் சேலைனை அளவுமீறி ஏற்றுவதும் தவறே. கசிந்த நீர் குருதிக்குத் திரும்பும்போது பிள்ளை மூச்சுக்குத் திணறும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே, நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேர இடைவெளியில். அது போதவில்லை என்று டைக்குளோபினக் என்னும் வலிநிவாரணியைக் குதவழியாக வைக்கும் வழக்கம் குருதிப்போக்கை வருவிக்கும் வழக்கம். இபுபுறூபனும் அஸ்பிரினும் அவ்வாறே. சிவப்பு, கபில நிறப் பானங்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள். வாந்தியில் இரத்தமா சர்பத்தா என்று நள்ளிரவில் விவாதிக்க நேரும்.

இருமலோடு வரும் குழந்தைக்கு ஸ்டெதஸ்கோப்புக்கு முன்னே கடிகாரம் தேவை. தாயின் மடியில் அமைதியாக இருக்கையில், சட்டையை உயர்த்தி, முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்; 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது கணக்குக்குச் சரி, குழந்தைக்குச் சரியல்ல. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, அல்லது அவற்றுக்கு மேல் என்றால் வேகமூச்சு. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளிழுபட்டால், எண்ணிக்கை எதுவாயினும் மூத்த வைத்தியரை உடனே அழையுங்கள்.

வயிற்றோட்டத்துக்குச் சொல்ல அதிகமில்லை: கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு பக்கெற் ஜீவனி என்னும் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள், 10 முதல் 14 நாட்களுக்குத் துத்தநாகம், தாய்ப்பால் நிறுத்தாமை.

மீண்டும் டெங்குக்கு வருகிறேன். குச்சவெளியிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ வந்த தாய் மாலைப் பேருந்துக்கு அவசரப்படுவார். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு ஆகியவற்றை விசாரித்தபின், பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று கேளுங்கள். ஆறு மணி நேரமாகக் கழிக்கவில்லை என்றால், அந்தப் பேருந்து போகட்டும். பிள்ளையை வாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.