களப்பின் வரத்தும் போக்கும்
(திருகோணமலையில் உலக ஈரநில நாளையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, புல்மோட்டைப் பக்கமிருந்து விடிய முன்னமே பஸ் ஏறி வந்திருக்கும் கடற்றொழிலாளர் உறவுகளே, கிண்ணியா, மூதூர், தம்பலகாமத்துச் சகோதரர்களே, ஆசிரியர்களே, மாணவப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

1971 பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1990இல் இலங்கையும் சேர்ந்தது. பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்று நம் நாட்டு இடங்கள் அந்த ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் ஏறின. திருகோணமலையில் கடலை ஒட்டிக் கிடக்கும் களப்பு ஒன்றும் அதில் இல்லை. அதற்காக மூக்குச் சிந்த நான் வரவில்லை. பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் எந்தக் களப்பும் பிழைத்ததில்லை.

கொக்கிளாய்க் களப்பையே எடுப்போம். அந்தக் கரை முல்லைத்தீவு, இந்தக் கரை நம்முடையது. மாரியில் மா ஓயாவும் வேறு சிற்றாறுகளும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். கிழக்கே கடல். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மார்கழியில் ஆறு விழும் பக்கம் களப்புத் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீர். ஆவணியில் கடலோடு சேரும் வாய், அதாவது முகத்துவாரம், மணலால் மூடிக் கிடந்தால், வெயில் குடித்தது போக மிஞ்சுகிற தண்ணீர் கடலைவிடக் கரிப்பதும் உண்டு. களப்பில் வாழ்கிற எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவைதான். ஏற்றமோ இறக்கமோ நின்றுபோனால்தான் அவற்றுக்கு ஆபத்து.

நம் கரையில் கடலின் வற்றும் பெருக்கும் மிகச் சிறியது. பெரிய பெருக்கு நாளிலும் ஒரு மீற்றரைத் தொடாது. அது வந்து முகத்துவாரத்து மணலைக் கழுவிக்கொண்டு போகும் என்று காத்திருக்க முடியாது. இங்கே வாயைத் திறப்பது ஆற்று வெள்ளம். மேலே ஆற்றை மறித்தால் கீழே மணல்மேடு உயரும். குளம் கட்டாதே என்று நான் சொல்லவில்லை, சோறு தின்கிறவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் குளத்துக் கணக்கில் களப்புக்கும் ஒரு பங்கு எழுத வேண்டும்.

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு நகக்கண் அளவு வந்ததும் பெருக்கோடு களப்புக்குள் ஏறும். இரவில் முகத்துவாரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். உடம்பு தெரியாது, இரண்டு கறுப்புக் கண் மட்டும் ஓட்டத்தோடு நகரும். சாதாழை என்ற கடற்புல்லுக்குள்ளும், சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் வேருக்குள்ளும் சில மாதம் தின்று வளர்ந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போகும். வாய் அடைத்திருந்தால் போகாது. வாய் திறந்திருந்தும் குறுக்கே தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழை வலை, நின்றால் அப்போதும் போகாது. தங்கூசியை 2006இலேயே தடை செய்தாயிற்று. கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், எந்தக் கண் அளவு வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள்.

முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டுவதில் கிழக்குக் கரை எங்கும் ஒரே வழக்கு. வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார், இல்லாவிட்டால் நெல் தண்ணீருக்குள். தொழிலாளி பொறுக்கச் சொல்வார், இறால் இன்னும் பருக்கவில்லை. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நியாயமில்லாத ஒன்று உண்டு: யாரையும் கேட்காமல் இரவோடு இரவாக நாலு பேர் மண்வெட்டியோடு போய் வெட்டிவிட்டு வருவது. முழங்கால் அகலத்தில் கீறிவிட்டால் போதும், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பிறகு மூட நினைத்தாலும் நடக்காது.

தம்பலகாமக் குடாவுக்கு வேறு நோய். அங்கே ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. மன்னார்ச் சிப்பி இல்லை இது. தட்டையான, வட்டமான, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய ஓட்டுச் சிப்பி. முத்தும் மிகச் சிறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற கடலியல் அறிஞர் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கையே எழுதினார். சேற்றில் கிடந்து தண்ணீரை வடித்துத் தின்னும் பிராணி அது. தண்ணீரில் என்ன வருகிறதோ அதுதான் அதன் சாப்பாடு. இன்று வருவது கந்தளாய்க் குளத்திலிருந்து வயலுக்குப் போய் வடிகிற தண்ணீர். அதோடு யூரியாவும் களைநாசினியும் வருகின்றன. பாசி தடித்து, செத்து, அழுகும்போது அடித்தண்ணீரில் ஒட்சிசன் தீரும். குடாவைக் காக்க நினைப்பவர் முதலில் பேச வேண்டியது வயல்காரரோடுதான்.

இனிக் கண்டல் நடுகை. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். முருங்கைக்காய் மாதிரித் தொங்குகிற கண்டல் விதையைப் பறித்து, வெறும் சேற்றுத்தரையில் வரிசையாகக் குத்தி, படம் எடுத்துக்கொண்டு போகிறோம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையின் நடுகைத் திட்டங்களைக் கணக்குப் பார்த்தது. நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தப்பியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஆழம் பிழை, உப்பு பிழை, இனம் பிழை, நட்ட பிறகு எட்டிப் பார்க்க ஆளில்லை. அந்தச் சேற்றுத்தரை சும்மா கிடக்கும் இடமும் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து வருகிற உள்ளான் பறவைகளுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். தண்ணீர் வந்து போகிற வழியைத் திறந்துவிட்டு, தாய்மரத்தை வெட்டாமல் விட்டால், விதை தானே மிதந்து போய்ப் பொருந்திய இடத்தில் ஊன்றும்.

இறால் பண்ணை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புத்தளத்துக் கரையில் கண்டலை அழித்து வெட்டிய குட்டைகள் பல வெண்புள்ளி நோய் வந்தபின் பாழ்பட்டன. போய்ப் பார்த்தால் போதும்.

கொக்கிளாய் 1951இலேயே பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எல்லைக்கல் என்றாலே நம் சனத்துக்கு நெஞ்சு பதறுகிறது. இடம்பெயர்ந்து திரும்பியவருக்கு எந்தக் கல்லும் காணி பறிக்க வந்த கல்லாகத்தான் தெரியும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். தோணி விடுகிறவரை வெளியே நிறுத்திவிட்டுக் களப்பைக் காக்கலாம் என்று நினைக்கும் உத்தியோகத்தரைத்தான் குறை சொல்வேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது என்று அங்கேதான் முடிவாகிறது. களப்போரத்துக் கடற்றொழில் சங்கங்களுக்கும் அந்தக் கூட்டத்தில் கதிரை வேண்டும். முகத்துவாரம் வெட்டும் நாளை இரண்டு பகுதியும் அங்கேயே பேசி, குறிப்பேட்டில் பதிய வேண்டும். சங்கத் தலைவர்கள் இன்று போகும்போதே ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கலாம், பேனை என்னிடம் இருக்கிறது.