அமெரிக்காவில் அல்ட்ராலைட் ஓட்ட இனி லைசென்ஸ் வேண்டுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. டெக்சாஸில் இருக்கும் மச்சானுக்காக ஒரு நேயர் கேட்டிருக்கிறார். “ஒற்றை ஆள் மட்டும் பறக்கும் மிக லேசான வண்டியான அல்ட்ராலைட்டுக்கு அமெரிக்காவில் லைசென்ஸ் தேவையில்லை என்று முன்பு சொன்னீர்கள். மச்சான் பழைய குவிக்சில்வர் மாடல் அல்ட்ராலைட் ஒன்றை விலை பேசிவிட்டார். ஆனால் 2025-ல் லைட் ஸ்போர்ட் விமான விதிகளையே மாற்றிவிட்டார்களாமே, இனி லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டுமா?”

வேண்டாம். மச்சான் வாங்குவது உண்மையிலேயே அல்ட்ராலைட்டாக இருந்தால் வேண்டாம். 1982-ல் வந்த ‘பார்ட் 103’ விதி அப்படியேதான் இருக்கிறது. ஒரே ஆள், பொழுதுபோக்குக்கு மட்டும். இன்ஜின் வைத்ததாக இருந்தால் காலி எடை 254 பவுண்டுக்குக் கீழே, அதாவது சுமார் 115 கிலோ. பெட்ரோல் 5 கேலன், நம் கணக்கில் 19 லிட்டர். முழு வேகம் 55 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 102 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பகலில் பறக்க வேண்டும், ஊருக்கு மேலே போகக் கூடாது. இதற்குள் நின்றால் லைசென்ஸ், மருத்துவச் சான்று, பதிவு எண் எதுவும் கிடையாது. சட்டம் இதை விமானம் என்றே சொல்லவில்லை, ‘வாகனம்’ என்கிறது.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: முதலில் தராசில் ஏற்றுங்கள். ஒரு புல்தரை ஓடுதளத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஏழு மணி இருக்கும். ஒருவர் தன் வண்டியின் மூன்று சக்கரத்துக்குக் கீழேயும் வீட்டில் நாம் ஏறி நிற்கும் எடைமெஷினை ஆளுக்கொன்றாக வைத்தார். டேங்க் காலி. 118, 117, 28. கூட்டினால் 263 பவுண்டு. மனிதர் முகம் வாடிவிட்டது. அப்புறம் ஸ்பேனரை எடுத்தார். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் கழற்றிப் புல்லில் வைத்தார். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்துகொள்கிறேன் என்றார். மறுபடி எடை போட்டால் எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த ஒரு பேட்டரிதான் அவரை லைசென்ஸ் வேண்டிய பக்கத்துக்குத் தள்ளியிருந்தது. மச்சான் வாங்கும் வண்டியிலும் முந்தைய உரிமையாளர் பிரேக், கண்ணாடி, பெரிய டேங்க் என்று எதையாவது மாட்டியிருக்கலாம். எமர்ஜென்சி பாராசூட் இருந்தால் அதற்கு 24 பவுண்டு சலுகை உண்டு, அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சரி, 2025-ல் என்னதான் மாறியது? ‘மொசைக்’ என்ற புது விதித் தொகுப்பை ஜூலையில் அறிவித்தார்கள். ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ், அதாவது வழக்கமான பைலட் லைசென்ஸைவிட எளிதானது, வைத்திருப்பவர் முன்பு ‘லைட் ஸ்போர்ட்’ எனப்படும் 1320 பவுண்டு வரையுள்ள குட்டி விமானங்களைத்தான் ஓட்டலாம். அக்டோபர் 22 முதல் அந்த எடைக் கணக்கு போய்விட்டது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்காமல் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம், 59 நாட் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கும் இரண்டு சீட் விமானமான செஸ்னா 150 எல்லாம் உள்ளே வந்துவிட்டது. மருத்துவச் சான்றுக்குப் பதில் கார் ஓட்டும் லைசென்ஸ் போதும் என்பது முன்பே உண்டு. ஆனால் கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்று நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். அப்படிப்பட்டவருக்கு பார்ட் 103 இன்னும் திறந்த கதவு. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் லைசென்ஸ் வேண்டுமா என்பதைவிட, கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார் என்று அவர் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். லைட் ஸ்போர்ட் விதி அல்ட்ராலைட்டைத் தொட்டது அந்த இடத்தில்தான், அதுவும் 2025-ல் இல்லை, 2004-ல். அதற்கு முன்பு ஒரு விலக்கு இருந்தது. பயிற்சிக்கு மட்டும் இரண்டு சீட் அல்ட்ராலைட் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பயிற்சி என்ற பெயரில் நண்பர்களை ஏற்றிச் சுற்றியவர்களும் இருந்தார்கள், எடை கூடிய வண்டிகளும் பெருகின. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் ஸ்போர்ட் பைலட் விதி வந்தது. 2008 ஜனவரி 31-க்குள் இரண்டு சீட் வண்டிகளை லைட் ஸ்போர்ட் விமானமாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். 2010 ஜனவரிக்குப் பிறகு அப்படிப் பதிவான வண்டியில் காசு வாங்கிக் கற்றுக்கொடுப்பதும் நின்றது. கம்பெனியில் செய்து வரும் புது லைட் ஸ்போர்ட் விமானமோ லட்சம் டாலரைத் தாண்டுகிறது. கிராமத்து ஓடுதளத்தில் கற்றுக்கொடுத்தவர் எங்கே போவார்? தனி அனுமதிக் கடிதம் வாங்கி நடத்தும் வழி பிறகு வந்தது, ஆனாலும் அப்படிப்பட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செஸ்னாவில் கற்றால் போதாதா என்பீர்கள். போதாது. செஸ்னாவில் இன்ஜின் நின்றால் வண்டியின் கனமே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும், யோசிக்க நேரம் கிடைக்கும். குவிக்சில்வர் கம்பியும் துணியுமாக நிற்கிற வண்டி. கனம் இல்லை, காற்றின் எதிர்ப்பு அதிகம். இன்ஜின் நின்ற மாத்திரத்தில் வேகம் சரசரவென்று விழும். உடனே ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கை இறக்க வேண்டும். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது தரையைப் பார்த்து மூக்கை இறக்க யாருக்கும் மனசு வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திடீரென்று மூடி, “தள்ளு, இன்னும் தள்ளு” என்று பத்து தடவை பழக்கினால்தான் கை தானாகப் போகும்.

அதனால் மச்சானிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன்னால் மூன்று எடைமெஷின் எடுத்துக்கொண்டு போகட்டும். வண்டி வீட்டுக்கு வரும் முன்னால் இரண்டு சீட் குவிக்சில்வர் வைத்திருக்கும் ஆசிரியரைத் தேடட்டும், இருநூறு மைல் கார் ஓட்டிப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. எடை எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.