பின்வரிசையில் வந்து அமர்பவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

மலேசியாவின் தென் கெடாவில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் போன்ற ஊர்கள் ரப்பர் தோட்டங்களையும் பின்னர் செம்பனைத் தோட்டங்களையும் ஒட்டி வளர்ந்தவை. இப்படிப்பட்ட ஒரு தோட்டப்புற நகரத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு முதன்முறையாக வருகிற ஒருவரை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். தோட்டத்து லயன் வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்த குடும்பம் ஒன்று வரும். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு வேலை தேடி வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்களில் சிலர் வருவார்கள். எழுதி வைத்த முறைமையின்றி ஜெபிக்கும் ஜெபவீட்டில் வளர்ந்து எங்கள் சபையில் பெண் எடுத்த மாப்பிள்ளையும், பக்கத்து வீட்டுக்காரரின் நினைவு ஆராதனைக்காக வந்த இந்து அன்பர்களும் அதே பின்வரிசையில் அமர்வார்கள்.

வரவேற்பு என்றதும் வாசலில் நின்று கைகூப்புவதும், ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் மீகூனும் தேநீரும் கொடுப்பதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் அந்தக் கைகூப்புக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆராதனை நடக்கிறதே, அந்த நேரத்தில் அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, இனி அவர் பாடு என்று நாம் நம் இடத்துக்குப் போய்விடுகிறோம். ஆயரும் சபையும் சொல்ல வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கும் வழிபாட்டு முறைமை கடினமாக இருப்பதால் புதியவர்கள் தங்குவதில்லை என்று சபைக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். முறைமையின் மேல் பழி போடுவதை நான் ஏற்பதில்லை. முறைமையோடு அவரைத் தனியே விட்டுவிடுவதுதான் குறை என்பது என் கருத்து.

இந்த முறைமை எதற்காக எழுதப்பட்டது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அதுவரை குருமார் லத்தீனில் நடத்திய வழிபாட்டைப் பேராயர் தாமஸ் கிரான்மர் முன்னின்று மக்கள் பேசும் ஆங்கிலத்தில் அமைத்து, 1549இல் முதல் பொது ஜெபப்புத்தகம் வெளிவந்தது. இன்றும் பல நாடுகளின் ஆங்கிலிக்கன் சபைகள் அடிப்படையாகக் கொள்வது 1662ஆம் ஆண்டுப் பதிப்பு. தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சீமையின் மிஷன் ஊர்களில் அந்த வழிபாடு தமிழில் வேரூன்றியது. இடையன்குடியில் ஊழியம் செய்த பேராயர் கால்டுவெல்லைத் தமிழுலகம் ஒப்பிலக்கண அறிஞராக அறியும். அவரே தமிழ் ஜெபப்புத்தகத்தைத் திருத்தும் பணியிலும் பங்குகொண்டவர். அங்கிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலாயாவுக்கு வந்தவர்கள் அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். மக்கள் வாய் திறந்து பங்குபெற வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கப்பட்ட ஒரு புத்தகம், புதிதாக வந்தவரை மட்டும் வாயடைத்து உட்கார வைக்கிறது என்றால், அதைக் கையாளும் நாம்தான் எங்கோ தவறுகிறோம்.

பின்வரிசையில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். கையில் ஆராதனைப் புத்தகம், மடியில் பாமாலை, அதன்மேல் கீர்த்தனைப் புத்தகம், பக்கத்தில் வேதாகமம். ஆயர் சங்கீதம் எனப்படும் வேதப்பாடல் ஒன்றின் எண்ணைச் சொல்கிறார். அது ஆராதனைப் புத்தகத்தில் இல்லை, வேதாகமத்தில் இருக்கிறது. ஒரு வசனத்தை ஆயரும் அடுத்த வசனத்தைச் சபையும் மாறிமாறி வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாதலால், ஆயரின் வசனத்தை அவர் சத்தமாக வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துகிறார். சங்கீதம் முடிந்ததும் சபை ஒரே மூச்சில், "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக" என்று சொல்லத் தொடங்குகிறது. ஒருவரும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் மட்டும் பக்கங்களைப் புரட்டுகிறார். அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆமென் வந்துவிடுகிறது. குழந்தையும் சிணுங்கத் தொடங்குகிறது.

இதற்கு மருந்து அறிவிப்புப் பலகையோ விளக்கக் கையேடோ அல்ல. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். வரவேற்பாளர் பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறைமை நன்கு தெரிந்த ஒரு பாட்டியோ இளைஞரோ தன் வழக்கமான இடத்தை விட்டெழுந்து வந்து, புதியவரின் பக்கத்தில் அமர்ந்து, தன் புத்தகத்தை அவருக்கும் தெரியும்படி பிடித்து, சொல்லிக்கொண்டிருக்கும் வரியின் கீழே விரலை வைத்தால் போதும். "இது எல்லாருக்கும் மனப்பாடம், தேட வேண்டாம்." "இங்கே ஆயர் மட்டும் சொல்வார்." "முழங்கால் வலித்தால் உட்கார்ந்தபடியே ஜெபிக்கலாம்." இப்படித் தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று வார்த்தைகள் போதுமானவை. ஒவ்வொரு பகுதிக்கும் இறையியல் விளக்கம் தரத் தொடங்கினால் புதியவர் ஆராதனையையும் இழப்பார், விளக்கத்தையும் இழப்பார். நம்மில் பலருக்குப் பரம்பரையாக ஒரே வரிசையில் ஒரே இடம் என்பதால், எழுந்து பின்னால் போவது எளிதல்ல என்பதையும் நான் அறிவேன். அந்த இடத்துக்குப் பட்டா யார் கொடுத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

சில சபைகள் புத்தகங்களை எடுத்துவிட்டுத் திரையில் வரிகளைக் காட்டுகின்றன. கைகள் ஓய்கின்றன, தலைகள் நிமிர்கின்றன என்பது உண்மை. ஆயினும் திரையில் அந்தக் கணத்து வரி மட்டுமே தெரியும். அடுத்து என்ன வரும், இன்னும் எவ்வளவு இருக்கிறது, தான் எதற்கு ஆமென் சொல்லப் போகிறோம் என்பதைப் புதியவர் முன்கூட்டிப் பார்க்க முடியாது. புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளிப் படித்துப் பார்த்து, "இந்த வார்த்தைகளை நான் மனதாரச் சொல்லலாமா" என்று அவர் தீர்மானித்துக்கொள்ளலாம். விருந்தாளிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும். அன்றைய பாடல்கள், சங்கீதம், வேதபாடங்கள் உட்பட எல்லாவற்றையும் வரிசையாக ஒரே சிறு கைப்பிரதியில் அச்சிட்டுக் கொடுப்பது செலவான காரியம்தான்; என்றாலும் திரையை விட அது சிறந்தது என்பேன்.

ஜெபவீடுகளிலிருந்து வரும் சகோதர சகோதரிகளுக்கு வேறு விதமான தயக்கம் உண்டு. எழுதி வைத்ததை வாசிப்பது எப்படி ஜெபமாகும் என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, கோபப்படத் தேவையில்லை. வாதம் செய்வதை விடப் பாவ அறிக்கை சொல்லும் நேரத்தைச் சுட்டிக்காட்டுவது நல்லது. அப்போது ஆயரும் முழங்காற்படியிடுகிறார். எல்லாரும் ஒரே வார்த்தைகளைச் சேர்ந்து சொல்கிறார்கள். யாருடைய பாவமும் தனியே பேர் சொல்லப்படுவதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துத் துரை தம் ஆங்கில ஆராதனையில் சொன்ன அதே அறிக்கையைப் பால்வெட்டுத் தொழிலாளி தன் தமிழ் ஆராதனையில் சொன்னார். வேலைக்காட்டில் அவர்கள் சமமாக இருக்கவில்லை என்பது நாம் அறிந்ததே; ஆனால் அந்தப் பக்கத்தில் துரைக்கென்று வேறு வார்த்தை அச்சாகியிருக்கவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் நன்றாக ஜெபிப்பார் என்ற நிலை இங்கே இல்லை. கூச்ச சுபாவமுள்ளவருக்கும், துக்கத்தில் பேச்சு வராதவருக்கும், முந்தினவர்கள் செதுக்கி வைத்த வார்த்தைகள் கைகொடுக்கின்றன. அதே சமயம், இதைச் சொல்லிச் சொல்லி வேகமாக ஒப்பிக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெட்டாலிங் ஜெயாவுக்குப் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்களைப் போல நிசேயா விசுவாசப் பிரமாணத்தை நாம் சொல்லி முடித்தால், வாசிப்பது ஜெபமாகுமா என்று கேட்டவரின் பக்கமே நியாயம் சேரும்.

நேயர்களே, மிகுந்த கவனம் தேவைப்படும் இடம், அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணை வேளை. திருமணத்துக்கோ நினைவு ஆராதனைக்கோ வரும் இந்து நண்பர், முதலில் வாசலிலேயே தடுமாறுகிறார். காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் படியில் நின்று மற்றவர்களின் கால்களைப் பார்க்கிறார். "அப்படியே வாங்க அண்ணே" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். உள்ளே வந்த பிறகு, வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போவதை அவர் பார்க்கிறார். கோவிலில் பிரசாதத்தை மறுப்பது மரியாதையல்ல என்று வளர்ந்தவர் அவர். ஆகவே பக்தியோடு எழுந்து வரிசையில் சேர்ந்துகொள்கிறார். பாதி வழியில் ஒருவர் கையை நீட்டித் தடுத்தால், ஊரார் முன் அவர் முகம் என்னவாகும்? அவமதிக்க எண்ணி யாரும் தடுப்பதில்லை. இருந்தாலும் அவர் அதை மறக்கமாட்டார்.

தடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் வழி. நற்கருணை தொடங்குமுன் ஆயர் சபை முழுவதையும் பார்த்து, விருந்தினரை மட்டும் குறிவைக்காமல், மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லலாம். ஞானஸ்நானம் பெற்று நற்கருணையில் பங்குபெறுகிறவர்கள் கைகளை நீட்டி அப்பத்தைப் பெற்றுக்கொள்ளலாம். மற்றவர்கள் விரும்பினால் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து வந்தால் அவர்களுக்காக ஆசீர்வாத ஜெபம் சொல்லப்படும். வராமல் இடத்திலேயே அமர்ந்திருப்பதிலும் எந்தக் குறையும் இல்லை. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பேராயர் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தலை இன்னும் பெறாத பிள்ளைகள் ஆகியோர் விஷயத்தில் நடைமுறை எப்படி என்பதை அந்தந்த ஆயரிடம் கேட்டறிவது முறை. காணிக்கைப் பை வரும்போதும் இதே பேச்சுதான். விருந்தினர் அவசர அவசரமாகச் சட்டைப்பையில் பணத்தைத் தேட வேண்டியதில்லை என்று முன்னதாகவே சொல்லிவிடலாம்.

"புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லிக் கைதட்டுவதை நான் விரும்புவதில்லை. எழுந்தவருக்குக் கூச்சம், எழாதவருக்குக் குற்ற உணர்வு. அதைவிடச் சங்கடமானது தேநீர் வேளையின் விசாரணை. எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் மகள் என்று அன்போடுதான் தொடங்குகிறோம். தோட்டத்து மக்களுக்கு அந்தக் கேள்விகள் இயல்பானவை. பாதிப் பேர் எங்கேயாவது உறவாகிவிடுவார்கள். ஆனால் மூன்றாவது, நான்காவது கேள்வி எதை நோக்கிப் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சற்றுமுன் ஒரே கிண்ணத்திலிருந்து பருகிவிட்டு வந்து ஒருவருடைய சாதியைத் துப்பறிவது பெரும் வெட்கக்கேடு. இதை வானொலியில் வெளிப்படையாகச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இன்னொரு கூட்டத்தாரை நாம் புதியவர்கள் என்று எண்ணுவதே இல்லை. அவர்கள் நம் சொந்தப் பிள்ளைகள். மலாய்ப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்ததால் தமிழ் பேசுவார்கள், எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆராதனைப் புத்தகம் அவர்களுக்கும் பூட்டிய பெட்டிதான். ஆராதனை ஒழுங்கை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து சில பிரதிகள் வைத்தால் தமிழ் அழிந்துவிடும் என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். நான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. இருந்தும், பிள்ளை வாயால் தமிழில் ஜெபித்துக் காதில் பழகிக்கொண்டால், எழுத்தை ஓய்வுநாள் பள்ளியில் பிறகு கற்றுக்கொடுக்கலாம். வாய்மூடி இருக்கிற பிள்ளை ஆங்கில ஆராதனைக்குப் போய்விடும், அல்லது எங்குமே போகாது.

திருச்சபை நாட்காட்டியைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. உபவாச நாட்களான லெந்து காலத்துக்கு ஊதா, உயிர்த்தெழுந்த திருநாளுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு என்று பீடத்தின் துணி நிறம் மாறுவதைப் பிள்ளைகளே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருவரை அழைக்க நினைத்தால் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கோ பெரிய வெள்ளியின் நீண்ட ஆராதனைக்கோ அழைப்பதை விட, பச்சைத் துணி விரித்திருக்கும் சாதாரண வாரம் ஒன்றில் அழையுங்கள். அப்போது அவரோடு பேசவும் அமரவும் நமக்கு நேரம் இருக்கும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஞாயிறு பள்ளி நாள், வேலை நாள். தமிழ் ஆராதனை எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதைச் சரியாகச் சொல்லாமல் "ஆலயத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னால், நண்பர் வந்து பூட்டிய கதவையோ வேறு மொழி ஆராதனையையோதான் பார்ப்பார்.

இறுதியாக, இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஆலயத்துக்கு வர நினைத்தும் தயங்குகிறவர் யாராவது இருந்தால், அவருக்கு நடைமுறையான சில வார்த்தைகள். பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். வாசலில் இருப்பவரிடம், "நான் புதிது, பக்கத்தில் யாராவது உட்கார முடியுமா" என்று தயங்காமல் கேளுங்கள். முன்வரிசை வேண்டாம், கடைசி வரிசையும் வேண்டாம். நடுவில் அமர்ந்தால் எப்போது எழுவது, எப்போது அமர்வது என்பதை முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை; கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதல் வாரம் குழப்பமாக இருந்தால் ஆராதனைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள். நிதானமாக வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரும்போது திருப்பிக் கொடுத்தால் போதும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.