ஆண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறைப் புள்ளிவிவரம் நீதியின் நிலையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? மறைக்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையை எதிரணித் தலைவர் எடுத்துக்காட்டினார். சிறையில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 சதவீதம், விசாரணைக் கைதிகள். "இதை அம்பலப்படுத்தியதே புள்ளிவிவரம்தானே?" என்று கேட்டார். எண்ணில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது டிசம்பர் 31 என்ற ஒரே நாளின் தலைக்கணக்கு.

ஓர் அறையில் ஆண்டு முழுக்க ஒரே கைதி. பக்கத்து அறையில் மாதம் ஒருவராகப் பன்னிரண்டு பேர் வந்து ஜாமீனில் போகிறார்கள். டிசம்பர் 31 அன்று எண்ணினால் இரண்டு அறையிலும் தலா ஒருவர்தான்! ஆண்டு முழுவதும் வந்தவர்களின் தொகைக்குத் தனி அட்டவணை உண்டு. மேடைதோறும் முழங்கும் 75.8-ல் அது சேராது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு என்ன சொல்கிறது? வேறு வழக்கு இல்லாத முதல்முறைக் குற்றவாளி, உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனுக்குத் தகுதி. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது.

சாதாரணத் திருட்டுக்கு உச்சபட்சம் 3 ஆண்டு. அப்படியானால் 12 மாதத்தில் தகுதி வந்துவிடுகிறது. திருட்டு வழக்கில் 14 மாதமாக உள்ளே கிடக்கும் ஒருவர் அறிக்கையில் எங்கே இருக்கிறார்? "ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை" என்ற கட்டத்தில், கொலை வழக்கில் அதே 14 மாதம் இருப்பவரோடு ஒன்றாக! குற்றம் ஒரு அட்டவணையில், காலம் வேறொரு அட்டவணையில். இரண்டும் சேர்ந்தால்தானே சட்டத்தைப் பொருத்திப் பார்க்க முடியும்?

"பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு இணையான 436ஏ பிரிவின்படி ஜாமீனுக்குத் தகுதி பெற்றவர்களையும் அறிக்கைகள் எண்ணியிருக்கின்றனவே?" என்பார்கள். அது சிறை நிர்வாகத்தின் கண்ணில் பட்டவர்களின் எண்ணிக்கை ஐயா! விடுபட்டவர்களை யார் எண்ணியது?

2022 முடிவில் ஐந்தாண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் 11,448 பேர். அவர்களில் எத்தனை பேர் மீது ஆயுள் தண்டனைக்குரிய வழக்கு, எத்தனை பேர் எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டியவர்கள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர், அதே அறிக்கையைப் புரட்டிச் சொல்லட்டும்.