லாடி குவாலி: பானையைச் சுற்றி நடந்த ஒரு வாழ்க்கை

(கொழும்பு வெள்ளவத்தையில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். என்னிடம் சித்திரம் படித்த பிள்ளைகள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமாரும் வந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் சந்தோஷம்.

மேசையில் இருக்கும் இந்தப் பானையைப் பாருங்கள். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, காலி வீதி ஓரத்தில் வைக்கோல் மேல் அடுக்கி விற்றார்களே, அங்கே வாங்கியது. ஒன்றில் பொங்கினோம், இது மிஞ்சிய மற்றது. உள்ளே கையை விட்டு அடிப்பக்கத்தைத் தடவினால் விரல் நுனிக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் எடுத்த பிறகு, உள்ளே ஒரு கல்லைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். அந்தக் கல்லின் தடம்தான் இது. செய்தவர் யார் என்று விற்றவரிடம் கேட்டேன். அவருக்கும் பெயர் தெரியவில்லை.

இன்றைக்கு நான் கதைக்க வந்தது பெயர் தெரிந்த ஒரு குயத்தியைப் பற்றி. அவர் பெயர் லாடி குவாலி. நைஜீரியாவின் நடுப்பகுதியில் குவாலி என்ற கிராமத்தில் 1925 அளவில் பிறந்தவர். ஊர்ப்பெயரை நாங்கள் பெயருக்கு முன்னால் போடுவோம், அவருக்கு அது பின்னால் நிற்கிறது. லாடி என்றால் ஹவுசா மொழியில் ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண். பள்ளிக்கூடம் போனவர் அல்ல. சிறுவயதில் மாமி முறையான ஒருவரிடம் பானை செய்யப் பழகினார். அந்தப் பக்கத்தில் பானை செய்வது பெண்களின் வேலை.

எப்படிச் செய்வார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே சக்கரம் கிடையாது. ஈரக் களிமண் உருண்டையை வைத்து, நடுவில் முஷ்டியால் குத்திக் குழியாக்கி, பக்கங்களை மேலே இழுப்பார். பிறகு மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, விளிம்பின் மேல் சுற்றிச் சுற்றி வைத்து அமுக்குவார். அப்புறம் சுரைக்குடுவைத் துண்டால் வழித்து ஒப்பமாக்குவார். இவ்வளவையும் இருந்த இடத்தில் இருந்து செய்ய முடியாது. இடுப்பை வளைத்துக்கொண்டு, பானையைச் சுற்றி நடக்க வேண்டும். எங்கள் குயவர் இருக்கிறார், பானை சுற்றுகிறது. குவாலியில் பானை இருக்கிறது, குயத்தி சுற்றுகிறார். அளவுகோல் இல்லை, அச்சு இல்லை. ஆனாலும் வயிறு ஒரு பக்கம் சரியாமல் உருண்டையாக வரும். கடைசியில் கூரான குச்சியால் கோடு கீறி, கோடுகளுக்கு நடுவே பல்லி, தேள், பச்சோந்தி, பாம்பு, முதலை எல்லாம் வரைவார். அவர் பானைகளின் படங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பல்லிகள் நிற்பதில்லை, பானையின் வயிற்றில் ஏறிப்போகின்றன.

1950-களின் தொடக்கத்தில் மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர், அரசாங்கத்தின் மட்பாண்ட அதிகாரியாக நைஜீரியாவுக்கு வந்தார். அபுஜா அமீரின், அதாவது அந்த ஊர் ஆட்சியாளரின், மாளிகையில் (இன்றைய தலைநகர் அல்ல, இப்போது சுலேஜா என்று சொல்லும் பழைய அபுஜா) லாடியின் பானைகளைப் பார்த்துத் திகைத்துப்போனார். 1952 அளவில் அந்த ஊரில் அவர் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். 1954-இல் சேர்ந்த முதல் பெண் லாடி குவாலி. அங்கே சக்கரமும் பழகினார். ஆனால் பெரிய பானைகளைக் கடைசிவரை சுற்றி நடந்தே செய்தார். கீறிய கோடுகளில் வெள்ளைக் களிமண் குழம்பை நிரப்பி, மேலே கண்ணாடிப் பூச்சு, அதாவது கிளேஸ் பூசி, 1,250 பாகைக்கு மேல் சூளையில் சுட்டார்கள். 1950-களின் கடைசியில் லண்டனில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 1972-இல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். 1977-இல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊரில் வைக்கோலும் விறகும் மூட்டித் திறந்த வெளியில் சுட்ட பானைக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. கிளேஸ் பூசி உயர்ந்த வெப்பத்தில் சுட்டால் துளைகள் அடைபட்டுவிடும். பானை கல் மாதிரி உறுதியாகும், ஆனால் தண்ணீர் குளிராது. தண்ணீருக்கென்று பிறந்த வடிவம் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அது நட்டமா? ஒரு வகையில் நட்டம்தான். ஆனால் அப்படிப் போயிருக்காவிட்டால் அவருடைய பெயரும் என் பானைக்காரரின் பெயர் மாதிரிக் காணாமல் போயிருக்கும். இரண்டும் உண்மை.

அவர் படிப்பித்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் பாடம் சொன்னதை விட, செய்து காட்டியதுதான் அதிகம். பார்த்தவர்கள் அவருடைய கையைப் பார்த்தார்கள், காலையும் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் ஹலிமா அவுடு, அசிபி இடோ போன்ற பெண்கள் அந்த நிலையத்துக்குள் வந்தார்கள். ஒரு பெண் போன கதவு பிறகு மூடவில்லை.

நம் பழைய தமிழில் குயவருக்கு வேட்கோ என்று ஒரு பெயர் உண்டு. கோ என்றால் அரசன். அப்படிக் கூப்பிட்ட நாங்கள்தான் பிறகு அவர்களைக் கோயிலுக்குப் பானை கொண்டுவரவும் சடங்குக்கும் மட்டும் கூப்பிட்டோம். வகுப்பறைக்குள் கூப்பிட்டோமா? நானும் பல வருடம் கூப்பிடவில்லை. லாடி குவாலியைப் பற்றி அறிந்த பிறகுதான் வெட்கம் வந்து, களனி ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவை அழைத்துவந்தேன். பிள்ளைகள் கதிரையில் இருந்தபடி மண்ணைப் பிசைந்தார்கள். அந்த அம்மா சிங்களத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார்: எழும்புங்கள். எல்லோரும் எழும்பிச் சுற்றி நடக்கத் தொடங்கியதும் பானைகளின் வயிறு நிமிர்ந்தது. அது நவம்பர் மாதம், விடாத மழை. காயட்டும் என்று அவர் சொல்லியும், தவணை முடிகிறதே என்று நான் அவசரப்பட்டுச் சுட்டேன். பதினொன்றில் நான்கு வெடித்தன. உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடியிருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. உடைந்த துண்டை எடுத்து, நடுவில் கறுப்பாக இருந்த இடத்தை எனக்குக் காட்டினார்.

லாடி குவாலி 1984-இல் காலமானார். 2007-இல் வந்த நைஜீரியாவின் இருபது நைராத் தாளின் பின்பக்கத்தில் அவர் இருக்கிறார், பானையோடு. தலைவர்கள் படத்துக்கு நடுவே, மண் ஒட்டிய கையோடு ஒரு குயத்தி.

சரி, நேரமாகிவிட்டது. இந்தப் பானையில் காலையில் ஊற்றிய தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருக்கிறது பாருங்கள். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், வவுனியாவில் குளிர்வது போல இங்கே குளிராது. ஆனாலும் பக்கத்தில் பேணி வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் வாருங்கள், கையை உள்ளே விட்டு அந்தப் பள்ளங்களையும் தடவிப் பார்க்கலாம்.